ஏபி வகையறா

ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிறேன் தாயி, உனக்கு ஒண்ணும் இல்லையே? எனக்குக் காத்து வரலேன்னா பஸ்ஸுல வயித்தைப் பிரட்டும். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்க. கீழ வச்சா சாஞ்சுரும், உள்ள அல்வா இருக்கு. பரமக்குடியில ஒரு காதுகுத்து. மதுரையில ஒரு வேலையை முடிச்சுட்டு ரெண்டு பேரும் போறோம். அந்தா, டிரைவருக்குப் பின்சீட்டுல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, டிரைவரை ஓட்டவிடாமப் பேசிக்கிட்டு வாராக பாரு, அவுகதான் எங்க வீட்டுக்காரக. தனுஷ்கோடின்னு பேரு. அருப்புக்கோட்டையில மைக்செட் வச்சிருக்காக. மைக் பேசாத நேரமெல்லாம் அவுக பேசுவாக.

நல்லாப் பாத்துக்க. இந்த மனுஷனுக்கு இருதயம் செய்ய வேண்டிய வேலையைக் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மெஷினு நின்னு செஞ்சுச்சுன்னா நம்புவியா? நம்ப மாட்ட. நான் கண்ணால பாத்தவ, எனக்கே நம்ப முடியலை.

ஆனா அவுக பொழச்ச கதையைச் சொல்ல வரலை நான். அதைத்தான் ஊரே சொல்லுதே. அதுல நான் பட்ட அவமானம் இருக்கே, அதை ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாக. நான் யாருகிட்டயும் கை நீட்டாதவ தாயி. தயிருக்கு உறைமோர்கூட அடுத்த வீட்டுல வாங்கினதில்ல. மிளகா வத்தல் காம்பைக் கிள்ளிப் போட்டு உறைய வைப்பேனே தவிர, பக்கத்து வீட்டுப் படி ஏற மாட்டேன். அப்படி ஒரு வைராக்கியம். தண்ணி வச்சிருக்கியா? குடு. வெந்நீரா இது? பரவாயில்ல. என்ன சொன்னேன்? ஆங், யாருகிட்டயும் எதையும் வாங்காதவ நான். அப்பேர்ப்பட்டவளை அந்த ஜெயக்கொடி என்ன பண்ணிட்டான்னு கேளு.

ஜெயக்கொடி எங்க சம்பந்தி. எனக்கு ஒரே மகன், பூபாலன். அவன் கட்டியிருக்கானே வெண்ணிலா, அவளைப் பெத்தவ. பரமக்குடியில மகளிர் குழுவுக்குத் தலைவி. கூட்டத்துல பேசிப் பேசி, அடுப்படியில நின்னு உப்பு எங்கன்னு கேட்டாக்கூடக் கூட்டத்துல பேசுற மாதிரியே இருக்கும். எனக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது. ஏன்னு கேளு. வெண்ணிலாவுக்கு வளைகாப்பு எங்க வீட்டுல. கட்டுச்சாதமெல்லாம் பொண்ணு வீட்டுல இருந்து கொண்டாந்தாக, அது முறை. இருந்தாலும் நம்ம பங்குக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு நான் ஒரு அண்டா தேங்காச் சாதம் கிண்டி வச்சேன். முந்திரி போட்டு, நெய் விட்டு. அவ வந்தா. மூடியைத் திறந்து பாத்தா. ஒரு வாய் எடுத்து வாயில வச்சா. மூடிட்டா. மூடிட்டு, "எங்க சாதமே நிறைய இருக்கு சம்பந்தி, இதை அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லி அண்டாவை உள்ள தள்ள வச்சுட்டா. வந்த சனம் ஒருத்தருக்கு ஒரு கரண்டி போகலை. என் வீட்டு விசேஷத்துல என் சாதம் இலையேறலை தாயி! அன்னைக்கு மூடினது என் வாயி. அதுக்கப்புறம் அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை. பேரப்பிள்ளை பொறந்தப்பகூட, "பாட்டி வந்திருக்கான்னு சொல்லு"ன்னு பிள்ளைகிட்டதான் சொன்னேன். அது பொறந்த பிள்ளை, அது எங்க போயிச் சொல்லும்.

இது நடந்து வருசம் ஒண்ணு ஓடிப்போச்சு. போன தை மாசம் கோயில் பொங்கலுக்குக் குழாய் ரேடியோ கட்டப் போன எங்க வீட்டுக்காரக, நெஞ்சு கரிக்குதுன்னு வந்து படுத்தாக. வாய்வுன்னு அவுகளும் சொன்னாக, நானும் சொன்னேன். பெருங்காயத்தைப் பொரிச்சு மோருல கலந்து குடுத்தேன். ஏப்பம் வந்துச்சு. ஏப்பம் வந்தா வாய்வுதானே? மறுநாளும் குடுத்தேன். அதுக்கு மறுநாள் வாசப்படி ஏற முடியாம அப்படியே உக்காந்துட்டாக. மூஞ்சியெல்லாம் வேர்த்து, உதடு கறுத்து. மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க டாக்டரம்மா, நாகர்கோயில் பக்கத்துப் பொண்ணு, மெர்லின்னு பேரு, "ரெண்டு நாளா என்னம்மா பண்ணுனீங்க?"ன்னு கேட்டாக. "பெருங்காயம் குடுத்தேன்"னேன். அவுக அதையும் சீட்டுல எழுதிக்கிட்டாக. எழுதிக்கட்டும். பெருங்காயம் குடுக்கலேன்னா அந்த ரெண்டு நாள்தான் தாங்கியிருக்குமா?

வந்தது மாரடைப்பாம். அதுல இருதயத்துக்கு உள்ள இருக்கிற நடுச்சுவரு கிழிஞ்சுருச்சாம். டாக்டரம்மா கையை மடக்கிக் காமிச்சுச் சொன்னாக. "ஓட்டையைத் தைக்கணும்மா. ஆனா இப்பவே தச்சா நிக்காது. ஈரச் சுவத்துல ஆணி அடிச்ச மாதிரி பிச்சுக்கிட்டு வந்துரும். சதை கொஞ்சம் இறுகட்டும். அதுவரைக்கும் எக்மோவுல வச்சிருக்கோம்."

"எக்மோர்லயா? மதுரையில சேத்த மனுஷனை என்னைக் கேக்காம எதுக்கு மெட்ராசுக்குக் கொண்டு போனீக?"ன்னு நான் போட்ட சத்தத்துல வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு. பூபாலன் வந்து, "அம்மா, அது மெஷினு பேரும்மா"ன்னு வாயைப் பொத்தினான். மெஷினுக்கு வைக்கிற பேரா அது?

உள்ள கூட்டிப் போயிக் காட்டினாக. வாயில ஒரு குழாய். தொடையில ரெண்டு குழாய், என் பெருவிரல் தண்டி. ஒண்ணுல கறுப்பா ரத்தம் வெளிய வருது, இன்னொண்ணுல செவப்பா உள்ள போகுது. நடுவுல மெஷினு உர்ருன்னு ஓடுது. ஊரையே எழுப்புற குரலு தாயி அவுகளுக்கு. அப்படியே மூச்சுமில்லாம பேச்சுமில்லாமக் கெடந்தாக. நான் கால்மாட்டுல நின்னு பாதத்தைத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு. போர்வையை இழுத்து மூடிட்டு வெளிய வந்து...

அந்தா, வெள்ளரிக்காக்காரன் வாரான். திருப்புவனம் வந்துருச்சா? நீ வாங்குறியா? வாங்கு, வாங்கு. எனக்கு வேணாம். சரி, ஒரு கீத்து குடு. மிளகாப்பொடி தூவினதாப் பாத்துக் குடு.

அஞ்சாறு நாளு அப்படியே ஓடுச்சு. சதை இறுகிட்டு வருது, நாளைக்கோ மறுநாளோ தச்சுரலாம்னு சொல்லிக்கிட்டு இருந்த டாக்டரம்மா, ஒரு நாள் காலையில மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாக. அந்தக் குழாயில ஓடுற ரத்தம் உறையாம இருக்கணும்ல, அதுக்கு ஒரு மருந்து குடுப்பாகளாம். ஹெப்பாரின்னு பேரு. எல்லாருக்கும் குடுக்கிறதுதானாம். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல ஒண்ணும் பண்ணாதாம். இவுகளுக்கு மட்டும் ஆகலை. அந்த மருந்தைக் கண்டதும் உடம்பு அதை எதிரின்னு நெனச்சுக்கிட்டு, சண்டைக்கு ஆளைக் கிளப்பிவிட்டுருச்சாம். அந்த ஆளுக போயி, சும்மா இருந்த தட்டணுவை எல்லாம் உசுப்பிவிட்டு, தட்டணு மளமளன்னு குறையுது, ரத்தம் அங்கங்க கட்டி கட்டியா நிக்குது. மெஷினுலயே ரெண்டு இடத்துல கட்டி. உறையாம இருக்கக் குடுத்த மருந்தே உறைய வைக்குது.

கேட்டதும் எனக்கு மனசு விட்டுப்போச்சு. நல்லது பண்ண வந்ததைப் போயி எதிரின்னு நெனைக்கிற உடம்பு இருக்குமா தாயி? வந்தது யாரு, எதுக்கு வந்துருக்குன்னு ஒரு நிமிசம் யோசிக்க வேணாமா? வீம்புக்குன்னே சண்டை போடுற உடம்பா இருக்கேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். எங்க மாமியா வழியில வந்த குணம் அது.

தட்டணுன்னதும் எனக்கு வைத்தியம் தெரியாதா? டெங்கு வந்தப்ப எங்க தெருவே பப்பாளி இலைச் சாறுலதானே பொழச்சுச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு பப்பாளி மரம் நின்னுச்சு. பறிச்சுக் கொண்டு போயி, நாங்க தங்கியிருந்த லாட்ஜுல மிக்சி கேட்டு அரைச்சு, பிளாஸ்க்குல ஊத்திக்கிட்டு வந்தேன். வாசல்ல செக்யூரிட்டி, "என்னம்மா அது?"ன்னான். "காபி"ன்னேன். திறந்து மோந்து பாத்தான். "இது காபியாம்மா?"ன்னான். "எங்க ஊருக் காபி இப்படித்தான் இருக்கும்"னு தள்ளிவிட்டுட்டு உள்ள போயிட்டேன். டாக்டரம்மா பாத்துட்டாக. "அம்மா, அவரு வாயில குழாய் இருக்கு. எப்படிக் குடிப்பாரு?"

"அந்தக் குழாயிலயே ஊத்துங்க."

"அது நுரையீரலுக்குப் போகுதும்மா."

"சுத்தி வயித்துக்கு வராதா?"

டாக்டரம்மா என் கையைப் பிடிச்சு உக்கார வச்சாக. கோபப்படலை. பொறுமையான பொண்ணு. "இது டெங்கு இல்லம்மா. அந்த மருந்தை நிறுத்திட்டோம், வேற மருந்து மாத்தியாச்சு. ஆனா ஆபரேஷன் பண்றப்ப பெரிய மெஷினுல போடணும். அதுக்கு ஹெப்பாரின் மாதிரி கைக்கு அடங்குன மருந்து இல்ல. வேற மருந்துல பண்ணினா ரத்தப்போக்கை நிறுத்துறது கஷ்டம். அதனால, சண்டை போடுற அந்த ஆளுகளை முதல்ல வெளிய எடுத்துறணும். அந்த ஆளுக குறைஞ்ச நேரமாப் பாத்து, ஆபரேஷனுக்கு மட்டும் ஹெப்பாரினைக் குடுத்துட்டு உடனே நிறுத்திருவோம்."

"எப்படி எடுப்பீக?"

"ரத்தத்துல பிளாஸ்மான்னு மஞ்சளா ஒரு தண்ணி இருக்கு. அதுலதான் அந்த ஆளுக மிதக்குறாங்க. அந்தத் தண்ணியை எடுத்துட்டு, நல்லா இருக்கிறவங்க பிளாஸ்மாவை ஊத்துவோம்."

எனக்குச் சட்டுன்னு புரிஞ்சுபோச்சு. ரசம் வைக்கிறோம்ல? மண்டி அடியில நிக்குது, தெளிவு மேல நிக்குது. தெளிவு கெட்டுப்போச்சு. அதை இறுத்துட்டு, மண்டியை அப்படியே வச்சுக்கிட்டு வேற தெளிவு ஊத்துறது. இதை டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். "கிட்டத்தட்ட அதுதாம்மா"ன்னாக. இதைச் சொல்றதுக்கு எதுக்கு அவ்வளவு படிப்பு.

இங்கதான் வந்துச்சு வினை. எங்க வீட்டுக்காரக ஏபி குரூப்பு. கல்யாணமான நாள்ல இருந்து அதைச் சொல்லிப் பீத்திக்குவாக. "எனக்கு எவன் ரத்தமும் ஏறும்டி. நான் ராசா மாதிரி, யாருகிட்ட வேணும்னாலும் வாங்கிக்கலாம்"னு. ரத்தத்துக்கு அது சரிதானாம். இந்த மஞ்சத் தண்ணிக்கு எல்லாமே தலைகீழாம். ஏபிக்காரவுக தண்ணி எல்லாருக்கும் சேருமாம், ஏபிக்காரவுகளுக்கு மட்டும் ஏபித் தண்ணியைத் தவிர வேற சேராதாம். ராசா நெலமையைப் பாத்தியா? ஏபின்னா லேசுல கிடைக்காத குரூப்பு. அதுல ஒரு தடவை மாத்துறதுக்கே அரைக் குடம் வேணும், அப்படிப் பல தடவை மாத்தணும். ஆஸ்பத்திரி ரத்த வங்கியில இருந்தது ஒரு தடவைக்கே காணாதுன்னாக.

நான் கையை நீட்டினேன், எடுங்கன்னு. நான் ஓ. என்னோடது சேராது. இத்தனை வருசம் ஆக்கிப் போட்டவ, என் தண்ணி அவுகளுக்கு ஆகாதாம். பூபாலன் நீட்டினான். அவன் பி. பெத்த பிள்ளையோடதும் ஆகாது. மருமக வெண்ணிலா ஏபி. ஆனா கைப்பிள்ளைக்காரி, பால் குடுக்கிறவகிட்ட எடுக்க மாட்டாக. பூபாலன் மதுரையில இருக்கிற அத்தனை ரத்த வங்கியும் ஏறி இறங்குறான். ஒண்ணு ரெண்டு பாக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டுத் திரும்பி வாரான். வெண்ணிலா மெதுவா, "அத்தை, எங்கம்மாகிட்டச் சொன்னா..."ன்னா. "சொல்லக் கூடாது"ன்னேன். "மாமா உயிரு அத்தை"ன்னா. "தெரியும், சொல்லக் கூடாது"ன்னேன். நான் சொன்னா எங்க வீட்டுல மறுபேச்சு கிடையாது.

மறுநாள் காலையில வேன் வந்து நிக்குது.

ஆஸ்பத்திரி வாசல்ல, மகளிர் குழு பேனரு கட்டின வேனு. பேனரைக் கழட்ட நேரமில்லையாம். ஜெயக்கொடி முதல்ல இறங்குறா. பின்னாடி ஒவ்வொருத்தரா இறங்குறாக. அவ தம்பி பாண்டித்துரை, அவ சித்தப்பா மகனுக, தறி நெய்யிறவுக, ஒரு போலீஸ்காரரு, ஒரு நாதஸ்வரக்காரரு. போன வருசம் குழுவுல ரத்ததான முகாம் நடத்தினாளாம், யாருக்கு என்ன குரூப்புன்னு அவளுக்கு மனப்பாடம். "எங்க பக்கமெல்லாம் ஏபிதான்! ஏபி வகையறா நாங்க!"ன்னு வராண்டாவுல நின்னு முழங்குறா. நான் கேட்டேனா? ஒரு வார்த்தை கேட்டேனா தாயி? கேக்காமக் கொண்டாந்து இறக்குறா! இது நியாயமா? நீ சிரிக்கிற. உனக்கு வந்தாத்தான் தெரியும்.

நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்தேன். அவ பூபாலன்கிட்ட, "மாப்பிள்ளை, உங்கம்மாவை ஏதாச்சும் சாப்பிடச் சொல்லுங்க, கண்ணு உள்ள போயிருக்கு"ங்கிறா. நான் அவன்கிட்ட, "பசிக்கலைன்னு சொல்லுடா"ங்கிறேன். ரெண்டு பேருக்கும் நடுவுல முழ தூரம்கூட இல்ல. அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு நிக்கிறான்.

ஒவ்வொருத்தரா உள்ள போனாக. பாண்டித்துரைக்கு மீசை இந்தக் காதுல ஆரம்பிச்சு அந்தக் காதுல முடியும். ஊசியைப் பாத்ததும் சாஞ்சுட்டான். தண்ணி தெளிச்சு எழுப்பினா, "எடுத்தாச்சா?"ங்கிறான். "இன்னும் குத்தவே இல்லண்ணே"ங்குது அந்த நர்ஸ் பிள்ளை. மறுபடி கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டினான். குடுத்துட்டான். நல்ல பய.

கடைசியா ஜெயக்கொடி போனா. அவளும் ஏபி. போன வேகத்துல திரும்பி வந்தா. பிரஷர் எக்கச்சக்கமா இருக்காம், அவகிட்ட எடுக்க மாட்டோம்னுட்டாக. உள்ள ஒரே சண்டை. "எவ்வளவு பெரிய உடம்பு வச்சிருக்கேன், அதுல ஒரு டம்ளரு எடுக்கக் கூடாதா?"ன்னு கேக்குறா. முடியாதுன்னுட்டாக.

கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். எனக்குச் சந்தேகம். அவ சத்தம் நின்னா என்னமோ ஆகிப்போச்சுன்னுதானே அர்த்தம். எந்திரிச்சுப் போயிப் பாத்தேன். மாடிப்படிக்குக் கீழ, சுவத்தைப் பாக்க உக்காந்து, முந்தானையை வாயில பொத்திக்கிட்டு அழுகுறா. தோளெல்லாம் குலுங்குது. அவ அழுது நான் பாத்ததே இல்ல. மகளை அனுப்பி வச்சப்பகூட மைக்கைப் பிடிச்சு நன்றி சொன்னவ அவ.

எனக்கு என்ன செய்யன்னு தெரியலை. பேசுறது கிடையாது. திரும்பிப் போகவும் கால் வரலை. கேண்டீனுக்குப் போயி ஒரு காபி வாங்கினேன். சீனி கம்மியா, அவளுக்குப் பிரஷரோட சக்கரையும் உண்டு. கொண்டு வந்து அவ பக்கத்துப் படியில வச்சுட்டு, சுவத்தைப் பாத்துச் சொன்னேன், "காபி ஆறுது. குடிக்கிறவுக குடிக்கலாம்."

அவ சுவத்தைப் பாத்துக்கிட்டே குடிச்சா. குடிச்சு முடிச்சுட்டு, "அண்ணன் பொழச்சுருவாரு மதினி"ன்னா. நான் சுவத்துக்கிட்ட, "யாரு மதினி? எனக்கு யாரும் மதினி கிடையாது"ன்னேன். சொல்லிட்டு அங்கனயே அதே படியில உக்காந்துட்டேன். கால் வலி தாயி, வேற ஒண்ணுமில்ல.

மாத்த ஆரம்பிச்சாக. கண்ணாடி வழியா ரெண்டு பேரும் நின்னு பாத்தோம். ஒரு பக்கம் அவுக உடம்புல இருந்து கலங்கலா ஒரு பையில இறங்குது. இன்னொரு பக்கம் தெளிஞ்ச மஞ்சளா உள்ள ஏறுது. "அந்தா தொங்குறது பாண்டித்துரையோடது"ங்கிறா ஜெயக்கொடி. அவளுக்கு எப்படித் தெரியும்? அது யாரோடதோ. ஆனா எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அடுத்த நாளும் மாத்தினாக, அதுக்கு அடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்துட்டு டாக்டரம்மா, "குறையுது, இன்னும் குறையணும்"பாக. நாங்க ரெண்டு பேரும் தலையாட்டுவோம். கடைசியில ஒரு நாள், "போதும், இதுதான் நேரம், விட்டா மறுபடி ஏறிரும்"னு ஆபரேஷனுக்குக் கொண்டு போயிட்டாக.

காலையில கொண்டு போனது. மத்தியானம் ஆச்சு, கதவு திறக்கலை. வெயில் சாயுது, திறக்கலை. பூபாலன் நடந்துக்கிட்டே இருக்கான். உள்ள ஹெப்பாரினைக் குடுத்திருப்பாக. மிச்சம் மீதி ஒளிஞ்சிருக்கிற ஆளுக எந்திரிச்சு வந்துட்டா என்ன பண்றது? அதே நெனப்பு எனக்கு. ஒரு சாமி பேருகூட ஞாபகத்துக்கு வரலை. ஹெப்பாரின், ஹெப்பாரின்னுதான் வாயி முணுமுணுக்குது.

ஜெயக்கொடி பக்கத்துல உக்காந்திருக்கா. என்னமோ அவளுக்கும் மனசு தளர்ந்துபோச்சு போல. மெதுவா ஆரம்பிக்கிறா. "மதினி, மனசுல வச்சுக்கிட்டு இருந்தேன், சொல்லிப்புடுறேன். அன்னைக்கு வளைகாப்புல உங்க தேங்காச் சாதம் ஊசிப்போயிருந்துச்சு. வெயிலு. வாயில வச்சதும் தெரிஞ்சுபோச்சு. அத்தனை சனத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுச் சாதம் ஊசிப்போச்சுன்னு பேரு வரக் கூடாதுன்னுதான் உள்ள தள்ளி வச்சேன். உங்ககிட்டச் சொல்லவும் சங்கடமா இருந்துச்சு."

எனக்கு வந்துச்சே கோபம்! அத்தனை நாள் கட்டி வச்சிருந்த பேச்சு அப்படியே உடைஞ்சு வருது. "ஊசிப்போச்சா? என் கையால கிண்டின சாதம் ஊசிப்போச்சா? யாரைப் பாத்துடி சொல்ற?"ன்னு எந்திரிச்சுக் கத்துறேன். அவளும் எந்திரிச்சா. "ஊசிப்போனதை ஊசிப்போச்சுன்னுதான் சொல்லணும்! நூலு விட்டுச்சு மதினி!"ன்னு அவ கத்துறா. "நெய் விட்டிருந்தேன்டி, நெய்யி! அது நூலா?"ன்னு நான். பூபாலன் ஓடி வாரான், செக்யூரிட்டி ஓடி வாரான், நர்ஸ் பிள்ளை வந்து, "ஆஸ்பத்திரிம்மா, ஆஸ்பத்திரிம்மா"ங்குது. யாரு கேட்டா?

அப்பத்தான் கதவு திறந்துச்சு. டாக்டரம்மா தொப்பியைக் கழட்டிக்கிட்டு வாராக. நாங்க ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம். என் கை அவ முந்தானையைப் பிடிச்சிருக்கு. இழுக்கத்தான் பிடிச்சேன்.

"தச்சாச்சும்மா. கட்டி எதுவும் வரலை. இருதயம் தானா துடிக்குது"ன்னாக.

என்னை ஜெயக்கொடிதான் தாங்கிப் பிடிச்சா. அவ பிடிக்கலேன்னாலும் நான் நின்னுருப்பேன், அது வேற விசயம்.

அப்புறம் மெஷினை எடுத்து, வாய்க்குழாயை எடுத்து, கண்ணு முழிச்சாக. டாக்டரம்மா, "ஏதாவது பேசுங்க, குரல் வருதான்னு பாப்போம்"னாக. நான் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். முதல்ல என் பேரைத்தான் சொல்லுவாக, இந்திராணின்னு, நான் அழுதிறக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். அவுக உதட்டை நனைச்சாக. கம்மின குரல்ல, "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்"ன்னாக. நர்ஸ் பிள்ளைக எல்லாம் கையைத் தட்டுதுக. எனக்கு மட்டும் வந்த அழுகை எங்க போச்சுன்னு தெரியலை.

அதோட முடிஞ்சுச்சா? யாரு யாரு குடுத்தாகன்னு பூபாலன் சொல்லிட்டான். அன்னையில இருந்து பரமக்குடியில பாதிப்பேரு இவுகளுக்குச் சொந்தம். நாதஸ்வரக்காரரு தங்கச்சி கல்யாணத்துக்குப் போயி முன்வரிசையில உக்காந்தாக. தறிக்காரவுக வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனாக. இப்பப் பாண்டித்துரை மகளுக்குக் காதுகுத்து. இன்னைக்கு மதுரையில செக்கப்பு, முடிச்சுட்டு நேரா போறோம். ரேடியோ செட்டு ராத்திரியே போய் இறங்கிருச்சு. உடம்புல ஓடுறது பூராப் பரமக்குடித் தண்ணி, அதான் இழுக்குது. டாக்டரம்மா சிரிக்கிறாக. "அந்தத் தண்ணியெல்லாம் எப்பவோ போயிருச்சும்மா, இப்ப ஓடுறது அவரு சொந்தத் தண்ணி"ங்கிறாக. நான் நம்பலை. முன்னெல்லாம் நான் திட்டினா எதுத்துப் பேசுவாக. இப்பச் சிரிக்கிறாக. அது யாரு குணம்?

ஜெயக்கொடியா? அவகூட இப்பவும் பேச்சு கிடையாது. ஊசிப்போச்சுன்னு சொன்னவகூட எப்படிப் பேசுறது? தினம் சாயங்காலம் போன் போட்டு அதைத்தான் சொல்றேன், நான் உன்கூடப் பேசுறதா நெனச்சுக்கிறாதடின்னு. அவ சரி மதினின்னுட்டு, பிரஷர் மாத்திரை போட்டேன், காலு வீங்கியிருக்குன்னு என்னமோ சொல்லிக்கிட்டே இருப்பா. நானும் கேட்டுக்குவேன். நல்லாக் கேக்காட்டி மறுநாள் மறுபடி சொல்லச் சொல்லுவேன்.

ஆனா ஒண்ணு தாயி. டாக்டரம்மா கடைசியா ஒண்ணு சொல்லி அனுப்பினாக. இவுக உடம்பு அந்த மருந்தை மறக்காதாம். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எதுக்குப் போனாலும், முதல் வார்த்தையா இதைச் சொல்லணுமாம். ஊசி போட்ட இடத்துல குழாயைக் கழுவக்கூட அந்த மருந்தை ஊத்துவாகளாம், அதுவும் ஆகாது. ஒரு அட்டை எழுதிக் குடுத்தாக. சட்டைப்பையில வச்சிருப்பாக. மைக் கட்ட ஏறுறப்ப சட்டையைக் கழட்டி எங்கயாச்சும் தொங்கவிட்டுருவாக. அட்டையை நம்பி என்ன செய்ய? அதனால நான் ஒரு ஆளு விடாமச் சொல்லி வச்சிருக்கேன். தெருவுக்கே தெரியும். மருந்துக் கடைக்காரனுக்குத் தெரியும். பஸ் கண்டக்டரு ரெண்டு மூணு பேருக்குத் தெரியும். பல்லு டாக்டரு, என்னம்மா பல்லு பிடுங்கத்தானே வந்தீகன்னாரு. இருக்கட்டும், தெரிஞ்சுக்கன்னேன்.

எனக்கே ஒண்ணு ஆயிட்டா யாரு சொல்லுறது? நீயும் கேட்டுக்க. நாம எங்க திரும்பப் பாக்கப் போறோம்னு நெனைக்காத. என்னைக்காச்சும் ஏதாச்சும் ஒரு ஊருல கூட்டமா நிக்குது, எட்டிப் பாக்குற, ஒரு மனுஷன் மயங்கிக் கிடக்காக, அது இவுகளா இருந்தா நீ என்ன சொல்லணும்?

அந்தா, எந்திரிச்சுட்டாக பாரு. பரமக்குடி வந்துருச்சு போல. ஏங்க, மெதுவா! கம்பியைப் பிடிச்சு இறங்குங்க! நான் வாரேன்!

பையைக் குடு தாயி. எங்க, ஒரு தடவை சொல்லிக் காமி. ஹெப்பாரின். ஆங். தனுஷ்கோடிக்கு ஹெப்பாரின் குடுக்கக் கூடாது. முணுமுணுன்னு சொன்னா எப்படி? சத்தமாச் சொல்லு, டாக்டருக்குக் கேக்க வேணாமா?